லண்டன் குளிசை அரை காணும்

கால் வீங்கத் தொடங்கிவிட்ட என் வயதுக்காரர்களே, வெட்கப்படாமல் செருப்பைக் கழற்றுங்கள். வார் இருந்த இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா? முன்னங்கால் எலும்பின் மேல் பெருவிரலை வைத்து அழுத்துங்கள். விரலை எடுத்த பிறகும் குழி நிற்கிறதா? எனக்கும் நிற்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

கொழும்பில் வெள்ளவத்தைக் கடற்கரையில் பின்னேரம் நடக்கிற எங்கள் கூட்டத்தில் அநேகமாக எல்லோரிடமும் தண்ணிக் குளிசை இருக்கிறது. உடம்பில் தேங்கிய நீரைச் சலமாக வெளியேற்றுகிற குளிசை. டொக்டர் சொன்னபடி அதைப் போடுகிறவர்கள்தான் குறைவு. ஒருத்தி கோயிலுக்குப் போகிற நாளில் போடமாட்டாள். வரிசையில் நிற்கும்போது அவசரம் வந்தால் எங்கே போவது என்ற பயம். இன்னொருத்தி மகளின் கல்யாணத்துக்கு வாங்கிய செருப்புக்குள் கால் போகவேண்டும் என்று இரண்டாக விழுங்கி, மணவறைக்குப் பக்கத்தில் தலைசுற்றி விழுந்தாள். "விழுந்தது பறவாயில்லையடி, வீடியோக்காரன் அதை எடுத்துப் போட்டான்" என்பதுதான் இன்றுவரை அவளுடைய கவலை.

போன கிழமை வேறொருத்தி, கனடாவில் இருந்து மகன் அனுப்பிய குளிசையைக் கைப்பையில் இருந்து எடுத்துக் காட்டினாள். "வெளிநாட்டுச் சாமான் எல்லே? ஸ்ட்ரோங்காய் இருக்கும். அரை காணும்தானே?"

நான் பேசிய பேச்சில் கடலை விற்கிறவரும் திரும்பிப் பார்த்தார்.

"உனக்கென்னடி விசரே? கேட்டதுக்கு இந்தப் பேச்சுப் பேசுறாய்."

அவள் கேட்டது நியாயம். எனக்கு அவள்மேல் கோபம் இல்லை. அந்த 'அரை காணும்', அதாவது பாதி போதும், என்ற சொல்லைச் சின்ன வயதில் ஓர் ஆடிவேல் திருவிழாக் காலம் முழுக்கக் கேட்டேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் பாதி வீடு எங்களுடையது. மற்றப் பாதியில் வீட்டுக்காரச் சிங்களக் குடும்பம். நடுவில் பலகை அடித்துப் பிரித்திருந்தார்கள். கக்கூசு மட்டும் பொது. பின்வளவில், தண்ணீர்த் தொட்டிக்கு அப்பால் இருந்தது. கடலோரத் தண்டவாளத்தில் கோச்சி போகும்போது எங்கள் கண்ணாடித் தம்ளர்கள் தட்டில் கிலுகிலுவென்று ஆடும். யன்னல் கம்பியெல்லாம் உப்புக்காற்றில் கறள் பிடித்துக் கையில் ஒட்டும்.

அப்பாவுக்கு இதயம் பலவீனம். அதை வீட்டில் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். "அப்பாவுக்குக் கால் வீக்கம்" என்பார்கள். கந்தோர் விட்டு வந்து சப்பாத்தைக் கழற்றினால் காலுறையின் வரி வரியான அச்சு அப்படியே தோலில் பதிந்திருக்கும். நானும் தம்பியும் தரையில் உட்கார்ந்து அவர் காலில் விரலால் குழி போடுவோம். யார் போட்ட குழி கடைசியாக நிரம்புகிறதோ அவருக்கு வெற்றி. அப்பாவும் சிரிப்பார். ஒரு மனிதனின் உடம்பில் தண்ணீர் ஏறுவதை வைத்து நாங்கள் விளையாடினோம். யாரும் எங்களைத் தடுக்கவில்லை.

டொக்டர் தண்ணிக் குளிசை கொடுத்தார். காலையில் ஒன்று, முழுதாக. அம்மா அதைச் சரியாகக் கொடுத்தார். உப்பையும் குறைக்கச் சொன்னதால் அப்பாவுக்கென்று தனிச் சட்டியில் கறி வைத்தார். வீக்கம் வடிந்தது. காலில் நரம்பு தெரிந்தது. குழி போட்டால் உடனே நிரம்பியது. எங்கள் விளையாட்டுக் கெட்டுப்போனதில் எனக்கும் தம்பிக்கும் கவலை.

அப்பாவுக்கு வேறு கவலை. குளிசை போட்டால் காலையில் நாலைந்து தரம் பின்வளவுக்கு ஓடவேண்டும். வீட்டுக்காரரின் பெண்பிள்ளைகள் தொட்டியடியில் முகம் கழுவிக்கொண்டு நிற்பார்கள். பிறகு கொழும்புக் கோட்டையில் இருந்த கந்தோருக்குக் கோச்சி. கோச்சிக்குள் அடக்கிக்கொண்டு நிற்கவேண்டும். கந்தோரிலும் அடிக்கடி எழும்ப, பெரியவர் கண்ணாடிக்கு மேலால் பார்ப்பாராம். "என்ன மிஸ்டர், இண்டைக்கும் வெளியிலயா வேலை?" என்று பக்கத்து மேசைக்காரர் கேலி செய்வாராம். அப்பா சிரித்துக்கொண்டுதான் சொல்வார். சிரிப்பில்லை அது.

அந்த நேரத்தில்தான் லண்டன் மாமி வந்தார்.

அப்பாவின் ஒரே அக்கா. யாழ்ப்பாணத்தில் இருந்து கல்யாணம் கட்டி நேரே லண்டன் போனவர். சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. ஆடிவேல் பார்த்துவிட்டுப் போவதற்காக வந்திருந்தார். அந்தக் காலத்தில் கடையில் ஒன்றும் இல்லை. பாணுக்கே வரிசை. அதனால் மாமியின் பெட்டி திறந்தபோது நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். சவர்க்காரமும் சொக்கிலேட்டும் கம்பளித் துணியும் சேர்ந்த மணம் ஒன்று வந்தது. கடைசியாக மாமி ஒரு மண்ணிறக் கண்ணாடிப் போத்தலை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். மூடிக்குக் கீழே பஞ்சு. பஞ்சுக்குக் கீழே வெள்ளைக் குளிசைகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கோடு.

"தம்பி, இது உனக்கு. உந்த இஞ்சத்தைக் குளிசையைத் தூக்கி எறி. சோக்குக் கட்டியை வெட்டி விக்கிறாங்கள்."

அம்மா மெதுவாகக் கேட்டார். "மச்சாள், இதையும் காலமை ஒண்டு குடுக்கிறதோ?"

"ஒண்டோ? கொல்லப்போறியே? இது லண்டன் குளிசை. அரை காணும்."

"டொக்டர் முழுசாய் ஒண்டு எண்டவர்."

"அவர் சொன்னது இஞ்சத்தை மருந்துக்கு. இஞ்ச பார், நடுவில கோடு போட்டிருக்கிறாங்கள். ஏன் போட்டவங்கள்? அரைவாசியாய் உடைக்கத்தானே? நானே அரைதான் போடுறன். எனக்குக் காணுது."

மாமி லண்டனில் ஆஸ்பத்திரியில் வேலை. அது போதும். என்ன வேலை என்று ஒருவரும் கேட்கவில்லை. நோயாளர்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு கொண்டுபோகிற வேலை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். நல்ல வேலை. ஆனால் மாமி சாப்பாட்டைப் பற்றிக் கதைப்பதோடு நின்றிருக்கலாம்.

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா சொன்னார், "அக்காவுக்குத் தெரியாததே?"

அன்று தொடக்கம் ஒவ்வொரு காலையும் மாமி தன் கையாலேயே குளிசையை வெட்டினார். அப்பாவின் சவர அலகைச் சுடுதண்ணீரில் கழுவி, பீங்கானைக் கவிழ்த்து, அதன் அடியில் குளிசையை வைத்து அழுத்துவார். டிக் என்று உடையும். மாவு கொஞ்சம் சிந்தும். ஒரு பாதி அப்பாவுக்கு, மறு பாதி போத்தலுக்குள். அம்மா கையைக் கட்டிக்கொண்டு குசினி வாசலில் நிற்பார்.

இந்த இடத்தில் நிறுத்தி ஒன்றைச் சொல்லவேண்டும். குளிசையில் எழுதியிருக்கிற இலக்கம் மருந்தின் அளவு. நாற்பது மில்லிகிராம் என்றால் லண்டனிலும் நாற்பது, கொழும்பிலும் நாற்பது, கனடாவில் பனிக்குள் புதைத்து வைத்தாலும் நாற்பது. விமானத்தில் ஏறியதால் அது எண்பது ஆகாது. நடுவில் இருக்கிற கோடு, டொக்டர் அரை என்று சொன்னவர் உடைப்பதற்கு. உடைத்தே ஆகவேண்டும் என்ற கட்டளை அல்ல. குறைத்தால் தண்ணீர் ஏறும். கூட்டினால் உடம்பில் இருக்கவேண்டிய தண்ணீரும் உப்புச்சத்தும் சேர்ந்து போய், கால் இழுத்து, தலைசுற்றி விழுவீர்கள். நேற்று விட்டதற்கு இன்று இரண்டு போடுகிற கணக்கும் இதில் இல்லை. மாற்றவேண்டும் என்று தோன்றினால் மாற்றுவது டொக்டர். மச்சாள் அல்ல, மகன் அல்ல, கல்யாணச் செருப்பும் அல்ல.

அப்பாவுக்குச் சந்தோஷம். அதை நான் என் காதால் கேட்டேன். என் பள்ளிக்கூடம் அடுத்த ஸ்டேஷனில். காலையில் அவரோடுதான் போவேன். மேடையில் கந்தோர் நண்பரிடம் சொன்னார்: "லண்டன் குளிசை அருமை, ஐசே. ஒருக்காத்தான் போகவேண்டியிருக்கு. பிறகு இருந்த இடத்தில இருக்கலாம்." சலம் குறைவாகப் போகிறது என்பது அவருக்குத் தெரியும். அந்தக் குளிசையின் வேலையே சலம் போகவைப்பதுதான் என்பதும் தெரியும். படித்த மனிதர். இருந்தும் அருமை என்றார்.

கால் திரும்ப வீங்கியது. முதலில் கணுக்கால், பிறகு முழங்கால்வரை. எங்கள் குழி விளையாட்டுத் திரும்ப வந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அப்பா சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே தூங்கத் தொடங்கினார்.

மாமி ஒரு கணமும் குளிசையைச் சந்தேகிக்கவில்லை. நேரே குசினிக்குள் வந்தார். அப்பாவின் சட்டிக்குள் விரலை விட்டு நக்கினார்.

"என்ன பிள்ளை, இதுக்குள்ள உப்பு இருக்கு."

"இல்லை மச்சாள். தேசிப்புளி விட்டனான்."

"எனக்கு நாக்கில்லையே? தேசிக்காய்க்கும் உப்புக்கும் வித்தியாசம் தெரியாதே?"

"பிள்ளையளின்ர சட்டி வேற. அவருக்கு நான் ஒரு கல்லும் போடேல்லை."

"அப்ப கால் காத்தடிச்சே வீங்குது?"

மாமி உப்புச் சாடியைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். பொய் சொல்லவில்லை. லண்டன் பெட்டிக்குள், கம்பளித் துணிகளுக்கு நடுவில், எங்கள் வீட்டு உப்புச் சாடி. வீட்டில் எல்லோருக்கும் உப்பில்லாச் சாப்பாடு. தம்பி சோற்றைப் பார்த்தாலே அழுவான். அம்மா பலகைக்கு அந்தப் பக்கம் போய், வீட்டுக்கார அம்மாவிடம் ஒரு பிடி உப்பு வாங்கி, கடதாசியில் சுற்றி அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்தார். பிள்ளைகளின் கறிக்கு. ஒரு பெண் தன் குசினிக்குள்ளேயே உப்பைக் கள்ளச் சாமான் மாதிரி ஒளித்தாள்.

மாமி அதையும் கண்டுபிடித்தார். கடதாசியை விரித்து அப்பாவின் முன்னால் நீட்டினார்.

"பார் தம்பி. உன்ர மனிசியின்ர வேலையைப் பார். நீ செத்தால்தான் இவளுக்கு நிம்மதி."

நான் கதவோடு நின்றேன். அப்பா வாய் திறந்தால் போதும். 'அக்கா, அது பிள்ளையளுக்கு' என்று ஒரு சொல். இல்லாவிட்டால் 'அரைக் குளிசை போட்ட பிறகுதான் வீங்குது' என்று ஒரு சொல். அவர் பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

அம்மா அன்று அழவில்லை. முற்றத்தில் போய் உடுப்புத் தோய்த்தார். கல்லில் அடிக்கிற சத்தம் ஒழுங்கை முனை வரைக்கும் கேட்டிருக்கும்.

மாமியைப் பற்றி ஒன்றை நான் மறைக்கக்கூடாது. அந்தப் போத்தல் அவருக்கே டொக்டர் எழுதிக் கொடுத்த மருந்து. அவருக்கும் கால் வீக்கம். அப்பாவுக்குக் கொண்டுவருவதற்காகத் தன் குளிசையை மாதக்கணக்கில் பாதி பாதியாகப் போட்டு மிச்சம் பிடித்திருக்கிறார். அவருடைய கால்களும் அந்தக் காலத்தில் தூண் மாதிரித்தான் இருந்தன. நாங்கள் அதை லண்டன் சாப்பாட்டுக் கொழுப்பு என்று நினைத்தோம். தன் தம்பிமேல் உயிராக இருந்தார். அவ்வளவு அன்பும் ஓர் அரைக் குளிசையாகத்தான் வந்தது. அதற்கான பழி முழுதாக என் அம்மாவுக்கு வந்தது. அன்பு இருந்தது என்பதற்காக நான் மன்னிக்கவேண்டுமா? முடியாது.

ஆடிவேல் வந்தது. காலி வீதியெல்லாம் கரும்புக் கட்டு, வளையல் கடை, ஊதுகுழல் சத்தம். வேல் வண்டி எங்கள் பக்கம் வருகிற நேரம் அப்பா பார்க்கப் போகவேண்டும் என்றார். சப்பாத்து ஏறவில்லை. செருப்புப் போட்டார். வார் சதைக்குள் புதைந்தது. "நிக்க ஏலாது, வேண்டாம்" என்று அம்மா தடுத்தார். "சாமி பாக்கப் போறவனைத் தடுக்கிறாய்" என்று மாமி சொன்னார். அப்பா போனார். அன்று காலை அரையும் போடவில்லை. கூட்டத்துக்குள் அவசரம் வந்தால் என்ன செய்வது என்று.

வெள்ளித் தேர் மூலையில் திரும்பும்போது சனம் அரோகரா என்று கத்தியது. அப்பாவும் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கரும்புக் கடையின் பெஞ்சில் விழுந்தாற்போல இருந்தார். உதடு நீலம். மூச்சோடு கொரகொரவென்று ஒரு சத்தம், உள்ளே தண்ணீர் கொதிக்கிற மாதிரி. கரும்புக்காரர் தன் வேனில் ஏற்றினார். சனத்தை விலக்கிக்கொண்டு அந்த வேன் ஊர்ந்ததை நான் மறக்கமாட்டேன். தேருக்கு வழிவிட்டவர்கள் எங்களுக்கு விடவில்லை.

பெரியாஸ்பத்திரி வாட்டில் ஊசி போட்டார்கள். தண்ணீர் போகப் போக அப்பாவின் முகம் திரும்ப அப்பாவின் முகம் ஆனது. அடுத்த நாள் பார்வையாளர் நேரத்தில் நாங்கள் கட்டிலைச் சுற்றி நின்றபோது டொக்டர் வந்தார். இளம் சிங்களப் பெண். எப்படி இவ்வளவு தண்ணீர் சேர்ந்தது என்று இங்கிலீசில் கேட்டார். மாமி முந்திக்கொண்டார். தம்பியின் மனிசி சொன்னபடி கேட்கமாட்டாள், கறியில் உப்பு அள்ளிப் போடுகிறாள் என்று இங்கிலீசில் சொன்னார். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் மாமியின் விரல் தன்னை நோக்கி நீண்டதும் 'சோல்ட்' என்ற சொல்லும் போதுமாயிருந்தன.

அம்மா மாமியைக் குற்றம் சொல்லி ஒரு சொல் பேசியதை நான் கேட்டதில்லை. எங்கள் ஆட்களில் புருஷனின் தமக்கைக்கு முன்னால் தமிழில் குரல் எழும்பாது.  அன்று அம்மா தமிழில் பேசவில்லை. மீன் வாங்கிய, வாடகை கதைத்த, உப்புக் கடன் கேட்ட தன் சந்தைச் சிங்களத்தில் டொக்டரை நேரே பார்த்துச் சொன்னார்.

"லுணு நெவெய், டொக்டர். பெஹெத் பாகயக் விதரய் துன்னே."

உப்பு இல்லை, மருந்தில் பாதிதான் கொடுத்தது.

டொக்டர் நிமிர்ந்தார். ஏன் பாதி என்று கேட்டார். அம்மா மாமியின் கைப்பையைக் காட்டினார். போத்தல் வெளியே வந்தது. டொக்டர் அதை வாசித்தார். தாதியிடம் வாட்டுப் போத்தலைக் கொண்டுவரச் சொல்லி இரண்டையும் கட்டில் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இதிலும் நாற்பது, அதிலும் நாற்பது. மாமியைப் பார்த்து இங்கிலீசில், இரண்டும் ஒரே மருந்து, ஒரே அளவு, எந்த டொக்டர் உங்களுக்கு இதைப் பாதியாக்கச் சொன்னது என்று கேட்டார்.  நாளையிலிருந்து முழுக் குளிசை, காலையில், என்று அம்மாவிடம் சிங்களத்தில் சொல்லிவிட்டு டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மாமியின் முகம் கறுத்துப்போயிருந்தது. அப்பாவின் பக்கம் குனிந்தார்.

"தம்பி, உனக்குச் சிங்களம் தெரியும்தானே. உவள் அந்தப் பெட்டையிட்ட என்ன சொன்னவள்? என்னைப் பற்றித்தானே?"

அப்பாவுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியிருந்தது. அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"இல்லை அக்கா. கறிக்கு உப்புக் கூடிப்போச்செண்டு ஒத்துக்கொண்டவள்."

 பேசாமல் இருந்திருந்தாலும் பொறுத்திருப்பேன். சாவின் வாசலில் இருந்து வந்த மனிதன் முதலில் சொன்ன பொய் அது.

 அம்மா தான் கொண்டுவந்த பிளாஸ்கை மூடினார். என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரிக் கேற்றடியில் தள்ளுவண்டியில் அன்னாசி வெட்டி உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்றார்கள். அம்மா இரண்டு வாங்கினார். கடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் நீட்டினார். "தவ லுணு தாண்ட." இன்னும் உப்புப் போடச் சொன்னார். றோட்டில் நின்று, விரலில் வழிந்ததையும் நக்கிச் சாப்பிட்டார். அம்மா றோட்டில் நின்று சாப்பிட்டதை நான் அன்றுதான் கண்டேன்.

அப்பா பிறகு கனகாலம் இருந்தார். என் கல்யாணத்துக்கும் இருந்தார். அந்தப் பொய்யைப் பற்றி அம்மாவிடம் ஒருநாளும் கதைக்கவில்லை. ஊரிலும் லண்டனிலும் உப்புக் கதைதான் நின்றது. அம்மாவின் செத்தவீட்டிலும் ஒரு கிழவி என்னிடம் கேட்டாள், "கொம்மாதானே பிள்ளை உப்புக் கூடப் போடுறவ?" என்று. நான் அவளுக்குச் சொன்னதை இங்கே எழுதமுடியாது.

ஆஸ்பத்திரியில் இருந்து அப்பா வீடு வந்த அடுத்த காலையைச் சொல்லி முடிக்கிறேன். மாமியின் பயணத்துக்கு இன்னும் நாள் இருந்தது. அலகும் சுடுதண்ணீருமாக மாமி மேசைக்கு வந்தபோது அம்மா ஏற்கெனவே அங்கே நின்றார். ஒரு கையில் தண்ணீர். மறு கையில் முழுக் குளிசை.

"வாயைத் திறவுங்கோ."

அப்பா மாமியைத் திரும்பிப் பார்த்தார்.

"அங்க என்ன பார்வை? இஞ்ச பாருங்கோ."

அப்பா வாயைத் திறந்தார். அம்மா குளிசையை நாக்கில் வைத்தார். தண்ணீரைக் கொடுத்தார். விழுங்கிய பிறகும் நகரவில்லை.

"திருப்பித் திறவுங்கோ. நாக்கைத் தூக்குங்கோ."

கந்தோருக்கு உடுத்து, தலைவாரி, கழுத்துப் பட்டி கட்டிய மனிதர், தன் அக்காவுக்கு முன்னால், பிள்ளைகளுக்கு முன்னால், நாக்கைத் தூக்கிக் காட்டினார்.